அத்தான் வைக்காத ஒப்பம்

டென்மார்க்கில் எங்கள் இனத்தின் பெயரில் ஒரு வழக்கு உண்டு. 'தமில்சேயன்' என்பார்கள், தமிழர் வழக்கு. அகதியாக வந்தவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடச் சட்டம் இடம் கொடுத்திருந்தும், அந்த விண்ணப்பங்களை அசையாமல் போட்டு வைக்கும்படி மேலிடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள் என்பதுதான் விஷயம். பிற்பாடு விசாரணை வந்தது, அரசாங்கமே பதவியை விட்டுப் போனது. என் மகள் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு வந்து, டெனிஷில் எனக்கே விளக்கம் சொன்னாள்.

எனக்கு விளக்கம் தேவையில்லை. அந்த வழக்கின் ஒரு துண்டு, ஹொல்ஸ்டெப்ரோவில் என் குசினி மேசையில் உட்கார்ந்து இரண்டு வருஷம் தினமும் சோறு சாப்பிட்டது. அதுதான் என் அத்தான்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். நானும் என் கணவரும் கலியாணம் முடித்த கையோடு ஒன்றாகவே இங்கே வந்து சேர்ந்தவர்கள். எங்களுக்குப் பிறகு அத்தான் தனியே வந்தார். அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரில் எங்கள் தகப்பன் ஐயாவோடும் தங்கச்சியோடும் விட்டுவிட்டு, "ஆறு மாசத்திலை கூப்பிடுவன்" என்று சொல்லி வந்த மனிதர். கொம்யூன் என்கிற நகரசபை எங்களுக்குக் கொடுத்த வீட்டில் ஓர் அறையை அவருக்கு ஒதுக்கினோம். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கிழமையில் ஐந்து நாள் பன்றி வெட்டுவார். வெள்ளிக்கிழமை வந்தால் மரக்கறி தவிர வேறொன்றும் தொடமாட்டார், முட்டைகூட. அவருக்காக வெள்ளிதோறும் சட்டி பானையெல்லாம் தனியாகக் கழுவி வைப்பேன். நான் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்துவிட்டு வந்து செய்கிற இரண்டாவது துப்புரவு அது.

இதையெல்லாம் பாரமாக நான் நினைத்ததில்லை. அக்காவின் கணவர், எங்கள் வீட்டு மனிதர். ஐயாவின் கசெற் வரும்வரைக்கும் அவரோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஃபோன் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கடிதம் எழுத ஐயாவுக்குக் கை நடுங்கும். ஆகவே கசெற்றில் பேசி, கொழும்புக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துத் தபாலில் சேர்ப்பார். அந்த முறை வந்த கசெற்றை, மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் போட்டுக் கேட்டோம்.

"இது ஐயா கதைக்கிறன். ரேப் ஓடுதோ பிள்ளை? ஓடுதாம். எல்லாரும் கவனமாக் கேளுங்கோ. என்ர கண் மூடமுந்திச் சிலதை ஒழுங்கு பண்ணவேணும். தங்கச்சிக்கெண்டு வச்சிருந்த கடற்கரைக் காணி ஆமிக்காம்ப் வேலிக்குள்ளை போட்டுது. இனி அது அவையின்ர காணி. தங்கச்சிக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு, சங்கக்கடையிலை வேலை செய்யிற பெடியன். அவைக்கு வீடு வேணுமாம். மூத்தவள் எப்பிடியும் டென்மார்க்குக்குப் போறவள்தானே. அவள் இந்த வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிக் குடுக்கட்டும்."

பிறகு சாமான்களுக்கு வந்தார். பெட்டகம் தங்கச்சிக்கு. அம்மாவின் குத்துவிளக்கு எனக்கு, ஆரும் வரும்போது கொடுத்து விடுவாராம். தையல் மெசின் அக்காவுக்கு, ஆனால் அதைப் பிளேனில் தூக்கிக்கொண்டு போக ஏலாதபடியால் அதுவும் தங்கச்சிக்கே. "சைக்கிள் எனக்குத்தான். நான் இன்னும் சாகேல்லை" என்று சொல்லி இருமினார். இருமல் முடிந்த பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"வீட்டுக் கிணறு உவரெண்டு தெரியும்தானே. குடிக்கிற தண்ணி நடுவிலாளின்ர தோட்டத்துக் கிணத்திலைதான் அள்ளுறம். அதுக்கும் ஒரு வழி பண்ணவேணும். அதைப் பிறகு யோசிப்பம்."

நடுவிலாள் நான்தான். அந்தத் தோட்டக் காணி எனக்குச் சீதனமாக வந்தது. ஐயா அதைப் பிறகு யோசிப்பதாகச் சொன்னதால் நானும் அதை அத்தோடு மறந்துவிட்டேன். என் யோசனையெல்லாம் தங்கச்சியைப் பற்றி. அம்மா போன பிறகு ஐயாவைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்ட பெண் அவள். எங்கள் இரண்டு பேருக்கும் சீதனமெல்லாம் கொடுத்து அனுப்பிய பிறகு, மிச்சமாக அவளுக்கு இருந்த ஒரு துண்டுக் காணியையும் ஆமி எடுத்துவிட்டது. வீடு அவளுக்கு வரவேண்டியது நியாயம். அக்காவும் அதே கசெற்றின் மற்றப் பக்கத்தில், "எனக்கென்ன, அவர் ஒப்பம் வச்சு அனுப்பினால் நான் எழுதிக் குடுப்பன்" என்று சொல்லியிருந்தாள்.

இங்கேதான் சிக்கல். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி சீதனமாக வந்த வீடும் காணியும் பெண்ணுடையவை. அந்த வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்து, அம்மாவிடமிருந்து அக்காவுக்குப் போனது. எங்கள் பெண்களுக்குத் தனிச் சொத்து உண்டு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் கணவன் சம்மதித்து ஒப்பம் வைக்காமல் அந்தப் பெண் அதை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. மாட்டைக் கொடுத்துவிட்டு மூக்கணாங்கயிற்றை வேறு ஆள் கையில் கொடுத்த மாதிரியான சட்டம். ஆகவே யாழ்ப்பாணத்தில் இருக்கிற அக்காவின் வீட்டைத் தங்கச்சிக்கு எழுத, ஹொல்ஸ்டெப்ரோவில் பன்றி வெட்டுகிற அத்தான் ஒப்பம் வைக்க வேண்டும்.

கசெற் முடிந்ததும் நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவர் எழும்பித் தன் தட்டைக் கழுவினார்.

"பாப்பம்" என்றார்.

எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் 'இல்லை' என்பதற்கு மரியாதையான பெயர். அந்தச் சொல்லை அன்றிலிருந்து நான் வெறுக்கத் தொடங்கினேன்.

முதலில் அவர் சொன்ன காரணம் தூதரகம். ஒப்பத்தை இலங்கைத் தூதரகத்தில் வைத்து உறுதிப்படுத்த வேண்டும், அது சுவீடனில் இருக்கிறது, அந்த நாட்டிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடி வந்தேன் என்று பொலிசுக்குச் சொன்னவன் அதே நாட்டின் தூதரகப் படியில் போய் நின்றால் கேஸ் என்னாகும் என்றார். அது நியாயமான பயம்தான். எங்களில் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. ஐயாவுக்கு அதைச் சொல்லிக் கசெற் அனுப்பினோம். ஐயா நொத்தாரிசைப் போய்ப் பார்த்தார். அவர் காணி உறுதிப் பத்திரம் எழுதுவதில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர். தூதரகம் ஏலாதென்றால் அந்த ஊர் நீதிமன்றத்தில், அதுதான் கோட்டில், முத்திரை குத்தி அனுப்பினால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

அத்தானின் அந்தக் காரணம் அத்தோடு விழுந்தது. உடனே அடுத்ததை எடுத்தார்.

"விசா வரட்டும் பிள்ளை. பிறகு வைக்கிறன்."

"விசா வரும் அத்தான். சட்டத்திலை இருக்கெண்டு எல்லாரும் சொல்லீனம்தானே."

"சட்டத்திலை இருக்கிறது எனக்கும் தெரியும். மேசை லாச்சிக்குள்ளை கிடக்கிறதும் எனக்குத் தெரியும். வராட்டி என்ர மனுசி பிள்ளையள் ஆற்றை வீட்டிலை இருக்கிறது?"

"தங்கச்சியின்ர வீட்டிலை. அவள் என்ன பிறத்தியோ?"

"தங்கச்சியின்ர வீடில்லைப் பிள்ளை. தங்கச்சியின்ர மனுசன்ர வீடு."

ஒருவர் பிழையாகப் பேசினால் திருப்பிப் பேசலாம். சரியாகப் பேசிவிட்டு, கத்தரிக்காய்க் குழம்பில் இன்னும் கொஞ்சம் விடு என்று தட்டை நீட்டுகிற மனிதரை என்ன செய்வது? எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

அத்தானின் விண்ணப்பத்துக்காகக் கொம்யூனுக்கும் நான்தான் கூடப் போவேன், என் டெனிஷ் அவருடையதைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தபடியால். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிசி. எப்போது போனாலும் கோப்பி தருவாள். எப்போது போனாலும் ஒரே பதில் சொல்வாள். விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் இருக்கிறது, தனக்கு ஒன்றும் தெரியாது. கோபமாகக் கேட்டாலும் அதுதான், கெஞ்சிக் கேட்டாலும் அதுதான். செவிடன் காதில் சங்கூதினால்கூட அவன் நிமிர்ந்து பார்ப்பான். இவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கோப்பி விடட்டுமா என்று கேட்பாள்.

திரும்பி வரும் வழியில் நானும் அத்தானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்தில் வருவோம். காற்று முகத்தில் அறையும். கொப்பன்ஹேகனில் யாரோ ஓர் ஒப்பம் வைக்காததால் இவர் காத்திருக்கிறார், இவர் ஓர் ஒப்பம் வைக்காததால் தங்கச்சி காத்திருக்கிறாள் என்று எனக்குள் பொருமிக்கொண்டு வருவேன். பாதிக்கப்பட்டவனுக்குத்தானே மற்றவன் பாடு விளங்க வேண்டும்? தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வந்தும் தெரியவில்லையே.

ஒரு நாள் நான் பிடிவாதம் பிடித்து அவரை ஊர்க் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். நொத்தாரிசு சொன்னபடி சம்மதக் கடிதத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு அடித்து வைத்திருந்தேன். முத்திரை குத்துகிற மேசையில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தாள். கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வீடு யாருடையது?"

"இவருடைய மனைவியுடையது" என்றேன்.

"கொடுப்பது யார்?"

"மனைவி."

"அப்படியென்றால் இவர் எதற்கு?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. இந்தச் சண்டையில் முதல் தடவையாக என் பக்கத்தில் பேச ஓர் ஆள். எங்கள் சட்டம் அப்படி என்று அவளுக்கு விளக்கினேன், அது எவ்வளவு அநியாயம் என்று அவள் சொல்ல வேண்டும் என்கிற நினைப்போடு. அவள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "இங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான். குடும்பம் குடியிருக்கிற வீடென்றால் கணவன் மனைவி இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். குடும்பம் அதில்தான் குடியிருக்கிறதா?" என்று கேட்டாள்.

"குடும்பம் அங்கே. நான் இங்கே" என்றார் அத்தான், அவருக்குத் தெரிந்த டெனிஷில்.

"ஏன் அவர்கள் இங்கே வரவில்லை?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். உங்கள் அரசாங்கத்தைக் கேளம்மா என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் பேனாவை அத்தான் பக்கம் தள்ளி, அடையாள அட்டையைக் கேட்டாள். அத்தான் மேல் பையைத் தடவினார், கீழ்ப் பையைத் தடவினார், கோட்டின் உள்பையைத் தடவினார்.

"அட்டையை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன் போலை."

காலையில் அந்த அட்டையை அவர் கோட்டுப் பையில் வைத்ததே நான்தான். அந்தப் பெண்ணின் முன்னால் அவர் பையில் கை விட்டு எடுத்துக் காட்டவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வீடு வரும்வரை சைக்கிளை அவருக்கு முன்னால் மிதித்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சட்டி பானையைத் தனியாகக் கழுவவில்லை. முதல் நாள் மீன் குழம்பு வைத்த சட்டியிலேயே அவருக்குப் பருப்பை வைத்தேன். அவருக்கு மணம் தெரிந்திருக்கும். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினார்.

என் கணவர் இதிலெல்லாம் தலையிடமாட்டார். "விடுமப்பா, அண்ணை தன்ர யோசனையிலை இருக்கிறார்" என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்கிற கதையாக இருக்கிறது, அக்கா ஓம் என்கிறாள், அத்தான் விடுகிறார் இல்லை என்று நான் கத்துவேன். என் கணவர் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார்.

அத்தானுக்கு என்று அக்கா தனியாகவும் கசெற் அனுப்புவாள். அதை அவர் தன் அறையில் கதவைச் சாத்திவிட்டு, இயர்ஃபோனைக் காதில் செருகிக் கேட்பார். கேட்டுவிட்டு வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். நல்லாய் அழட்டும் என்று நினைப்பேன். இரக்கம் இருந்தால் ஒப்பமாக வரவேண்டும், கண்ணீராக வந்து யாருக்கு என்ன பிரயோசனம்?

பிறகு ஒரு கசெற் வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவில் ஐயாவின் குரல். சங்கக்கடைப் பெடியனுக்குப் பக்கத்து ஊரில் வீட்டோடு ஒரு பெண் பார்த்துவிட்டார்களாம், அவர்களும் எவ்வளவு நாளைக்குத்தான் காத்திருப்பது என்றார். தங்கச்சி அந்தக் கசெற்றில் பேசவில்லை. "அவள் உதிலை நிக்கிறாள், ஒண்டும் சொல்ல இல்லையாம்" என்றார் ஐயா. அவ்வளவுதான். நான் குசினியில் நின்று அழுதேன், அழுதபடியே அத்தானைப் பார்த்துச் சொன்னேன்.

"நீங்கள் ஒரு கல்நெஞ்சன் அத்தான். ஒரு பேனையைத் தூக்க ஏலாத கல்நெஞ்சன்."

அவர் ஓம் என்று தலையை ஆட்டினார். மறுத்துப் பேசியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

கொப்பன்ஹேகனில் ஏதோ காற்று மாறி, போட்டு வைத்திருந்த விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்கள். அந்த நல்ல மனிசி எங்களைக் கூப்பிட்டு, அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி வந்துவிட்டது என்று சொல்லி, கோப்பியோடு கேக்கும் தந்தாள். அத்தான் கேக்கைக் கையில் வைத்தபடியே இருந்தார். அதில் முட்டை இருக்கிறது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. கடைசியில் அதையும் சாப்பிட்டுவிட்டார்.

அக்கா வந்தாள். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். சின்னவன் அத்தானுக்குக் கிட்டப் போக மறுத்து, அக்காவின் சீலைக்குப் பின்னால் நின்றான். விமான நிலையத்தில் அத்தான் அவனுக்கு முன்னால் குந்தி இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். அந்த நேரம் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது உண்மைதான்.

அடுத்த நாள் அத்தானும் என் கணவரும் வேலைக்குப் போன பிறகு நானும் அக்காவும் சூட்கேசை அவிழ்த்தோம். பிள்ளைகள் டெனிஷ் தொலைக்காட்சிக்கு முன்னால். மிளகாய்த்தூள், ஒடியல் மா, சீலையில் சுற்றி அம்மாவின் குத்துவிளக்கு. ஐயா சொன்ன சொல் தவறவில்லை. அதற்குக் கீழே, பிள்ளைகளின் சட்டைகளுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே பழுப்பேறிய முத்திரைக் கடதாசி. வீட்டின் சீதன உறுதி.

"இதை ஏன் இஞ்சை கொண்டந்தனி? ஊரிலைதானே இருக்கவேணும். இது இல்லாமல் தங்கச்சிக்கு என்னெண்டு எழுதுறது?"

அக்கா பிள்ளையின் காற்சட்டையை மடித்தாள். மடித்ததை அவிழ்த்துத் திரும்பவும் மடித்தாள்.

"நீ அவரைப் பேசினதெல்லாம் எனக்குத் தெரியும். அவரைப் பேசாதை. ஒப்பம் வைக்கவேண்டாமெண்டு சொன்னது நான்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நீதானே கசெற்றிலை ஓம் எண்டனி?"

"ஓம் எண்டனான். ஐயா பக்கத்திலை, தங்கச்சி எதிரிலை. அவளின்ர முகத்தைப் பாத்து ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறது? விசா வருமோ வராதோ எண்டு ஆருக்குத் தெரியும்? வீட்டையும் எழுதிக் குடுத்திட்டு, விசாவும் வராட்டி, ரெண்டு பிள்ளையளோடை தங்கச்சி மாப்பிள்ளையின்ர கையைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ? அவர் மாட்டனெண்டுறார் எண்டு சொன்னால் ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கமாட்டினம். அதுக்குத்தானே சட்டமே கிடக்கு."

நான் இத்தனை நாளும் பெண்களைக் கட்டி வைத்த கயிறு என்று திட்டிய சட்டம், அக்காவுக்கு ஒளிந்துகொள்ள ஒரு கதவாக இருந்திருக்கிறது. தனியாக வந்த கசெற்றுகளில் அவள் அழுது சொன்னதெல்லாம் அதுதான். வைத்துவிடாதேயுங்கோ, வைத்துவிடாதேயுங்கோ.

"தங்கச்சிக்கு இது தெரியுமோ?"

"சொல்லேல்லை. ஆனால் கொழும்பிலை பிளேன் ஏத்த வந்தவள், 'உறுதியைக் கவனமாக் கொண்டு போங்கோ அக்கா' எண்டாள்."

"ஐயாவுக்கு?"

"ஐயாவுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

"இவருக்கு?"

அக்கா அடுத்த காற்சட்டையை எடுத்து மடித்தாள். அந்த மடிப்பில் என் கணவரும் அகப்பட்டுக்கொண்டார். ரேடியோச் சத்தத்தைக் கூட்டியதெல்லாம் இதற்குத்தான். ஐயாவுக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். சமைத்துப் போட்டு, கொம்யூனுக்கு அலைந்து, ஆங்கிலத்தில் கடிதம் அடித்து, அழுது, கத்திய எனக்கு மட்டும் தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அக்காவைத் திட்டலாம் என்றால், விமானத்தை விட்டு இறங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை, பயந்து மெலிந்து வந்திருக்கிறாள். அவள் பயந்ததும் பொய்யில்லை.

பின்னேரம் வேலையால் வந்த அத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அத்தான் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

அவர் சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்: "உனக்குச் சொன்னால் நீ உன்ர அக்காவோடை கோவிப்பாய். அது ஆறாது. என்னோடை கோவிச்சால் என்ன, சோறு போடுவாய்தானே."

அந்த மனிதர் சரியாகப் பேசுவது எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

ஆனால் ஒன்றை நான் விடவில்லை. சரி, போனது போகட்டும், இப்போது நீங்கள் எல்லோரும் இங்கே, விசாவும் கையில், தங்கச்சிக்கு வீட்டை எழுதுங்கள் என்று அக்காவைப் பிடித்து உலுப்பினேன். தங்கச்சிக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் பயத்துக்கு அவள் ஒரு மாப்பிள்ளையைக் கொடுத்தது போதும் என்றேன். அக்கா அழுதாள். பிறகு ஓம் என்றாள். இந்த முறை எனக்கு முன்னாலேயே அத்தானைப் பார்த்து, "வைப்பம்" என்றாள். 'பாப்பம்' இல்லை, 'வைப்பம்'. எனக்கு ஊரையே வென்ற மாதிரி இருந்தது.

அந்தக் கிழமைதான் ஐயாவின் அடுத்த கசெற் வந்தது. மூன்று பேராக இருந்த மேசையில் இப்போது நாலு பேர். ஐயாவின் குரலில் பழைய தெம்பு. தங்கச்சிக்குப் புதிதாக ஓர் இடம் சரிவந்திருக்கிறதாம், பள்ளிக்கூட வாத்தியார். வீடு பிடித்துவிட்டதாம். ஆனால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டாவாம்.

"'தண்ணி உவரோ?' எண்டு கேட்டவ. அண்டைக்கெண்டு அவசரத்திலை வீட்டுக் கிணத்துத் தண்ணியிலை ஆரோ தேத்தண்ணி போட்டிட்டுதுகள். நான் உள்ளதைச் சொன்னன், நல்ல தண்ணி தோட்டத்துக் கிணத்திலை எண்டு. அப்ப அந்தக் கிணத்தையும், அதைச் சுத்தி ஒரு பரப்புக் காணியும், போய் வாற வழி வாய்க்காலும் வீட்டோடை சேத்து எழுதவேணுமாம். தண்ணியில்லாத வீட்டுக்கு என்ர பிள்ளை என்னெண்டு வாறது எண்டு கேக்கிறா. அதுவும் ஞாயம்தானே. நடுவிலாள் மறுக்கமாட்டாள் எண்டு சொல்லிப்போட்டன். தங்கச்சிக்காக அத்தானோடை இவ்வளவு காலம் சண்டை பிடிச்சவள் அவள்தானே."

கசெற் முடிந்து சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"நாங்கள் திங்கக்கிழமையே கோட்டுக்குப் போய் வைக்கிறம்" என்றாள் அக்கா.

அத்தான் சோற்றைப் பிசைந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பகிடி இல்லை, கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"நீயும் வாறியோ பிள்ளை? எல்லாருமாப் போனால் ஒரே அலுவலாய் முடிஞ்சிடும். நான் அட்டை மறக்கமாட்டன்."

கிணறு இல்லாவிட்டால் அந்தத் தோட்டம் என்ன தோட்டம்? வெறும் செம்மண். ஒரு வெங்காயம் வைக்க முடியாது, நாளைக்கு ஒரு கொட்டில் கட்ட முடியாது. எங்களுடைய வதிவிட அனுமதியையும் இவர்கள் இன்னும் நிரந்தரமாகத் தரவில்லை. நாளைக்குக் காற்று மாறி, எல்லோரும் திரும்பிப் போங்கள் என்றால் நாங்கள் எங்கே போய் நிற்பது? வீட்டில் வாத்தியார் இருப்பார். கிணறும் வாத்தியாருடையது. என் காணிக்கு நடுவில் வாத்தியார் வீட்டார் வாளியோடு போய் வருவார்கள். இவ்வளவும் ஒரு வாய்ச் சோற்றை விழுங்குவதற்குள் என் தலைக்குள் ஓடி முடிந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பம் அத்தான்" என்றேன். "எனக்கெண்டால் விருப்பம்தான். இவரையும் ஒருக்காக் கேட்டுப்போட்டுத்தானே…"

இவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, சோற்றுக்குப் பருப்பு விட்டுக்கொண்டிருந்தார்.